கன்னிமூலைத் தக்கைப்பூண்டு

செங்கல் காளவாய் மூடி நான்கு வருஷமாகியும் அந்த ஒன்றேகால் ஏக்கர் மனம் இளகவில்லை.

வடக்கனந்தலிலிருந்து மேற்கே மலையைப் பார்த்துப் போகிற மண்சாலையில் இருந்தது முருகவேலின் நிலம். அவனுடைய அப்பா செங்கல் அறுக்கக் குத்தகைக்கு விட்டது. பதினைந்து வருஷம் மேல்மண்ணை வழித்து வழித்துக் கல்லாக்கி ஏற்றிப் போனார்கள். மிச்சமிருந்த மண்ணின் மேல் லாரியும் டிராக்டரும் ஓடி ஓடி அதைச் சிமெண்டுத் தரையாக்கிவிட்டன. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காது. இரண்டு நாள் கண்ணாடி மாதிரி நின்றுவிட்டு வெயிலோடு போய்விடும். கடப்பாரையைப் போட்டால் ணங்கென்று கைக்கே திரும்பி வரும். ஒரு வருஷம் மல்லாட்டை, நிலக்கடலைதான், போட்டார்கள். செடி சாண் உயரத்தில் மஞ்சளாக நின்றது. பிடுங்கிப் பார்த்தால் நாலு பொக்குக் காய்.

அப்பா இறந்த பிறகு முருகவேல் பெங்களூரில் சென்ட்ரிங் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டான். விவசாயம்தான் செய்வேன் என்று அவன் பிடிவாதமாக இருந்தான். அவன் மனைவி சந்திரலேகாவுக்கு அந்த நிலத்தில் கால் வைக்கவே பிடிக்கவில்லை. "வித்துட்டு வேற எடம் பாக்கலாங்க" என்று இரண்டு மூன்று முறை சொன்னாள். ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டாள்.

விவசாய ஆபீசிலிருந்து இசைவாணி என்கிற அதிகாரி ஒருநாள் வந்து பார்த்தார். சின்னதாகக் குழி பறித்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வரப்பில் உட்கார்ந்தார். அரைமணி நேரம் கழித்தும் தண்ணீர் அப்படியே இருந்தது.

"மண்ணு மூச்சு வுட முடியாம கெடக்குதுங்க. இதுல உரம் கொட்டி பிரயோஜனம் இல்ல" என்றார். "தக்கைப்பூண்டு வெதைங்க, பசுந்தாள் உரம். அதோட வேரு எறங்கி வழி பண்ணும். நாப்பத்தஞ்சு நாள்ல பூ எடுக்கும். அப்பவே மடக்கி உழுதுடுங்க. நாள் தாண்டுனா தண்டு கட்டையாயிடும், மக்காது."

"ஒரு தடவையில சரியாயிடுமாங்க?" என்று முருகவேல் கேட்டான்.

"பதினஞ்சு வருஷம் மிதிச்சதுங்க. ரெண்டு மூணு தடவையாச்சும் போடணும்."

ஆடிக் கடைசியில் ஒரு மழை கிடைத்தது. கொக்கிக் கலப்பை போட்டுக் கீறிவிட்டு, விதையை இருவரும் கையாலேயே வீசினார்கள். நிலத்தின் தென்மேற்கில் கன்னிமூலைப் பக்கம் விதைப்பது சந்திரலேகாவின் பங்கு. அங்கே பல வருஷமாக உடைந்த செங்கல் குவியல் ஒன்று கிடந்தது. வைகாசியில்தான் ஜேசிபி வைத்து அள்ளிப் போயிருந்தார்கள். டிராக்டர்காரரிடம் அந்த மூலைக்கு வராமலே திரும்பச் சொன்னவள் அவள்தான். "அங்க கல்லு ஜாஸ்தி, கொழு ஒடிஞ்சிடும்" என்றாள். இப்போது விதைக்கும்போதும் மூலைக்குப் பத்தடி இருக்கையில் கை நின்றுவிட்டது. கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள்.

தக்கைப்பூண்டு அந்த மண்ணிலும் முளைத்தது. இருபது நாளில் முழங்கால் உயரம், முப்பதாம் நாள் இடுப்பு. பச்சை கொஞ்சம் வெளிறித்தான் இருந்தது, ஆனாலும் அந்த நிலம் பச்சையாக இருந்து சந்திரலேகா பார்த்ததே இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் கண்ட நிறம் சாம்பலும் சிவப்பும்தான்.

முப்பத்தைந்தாம் நாள் வாக்கில் முருகவேல் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னான்.

"கன்னிமூலைய பாத்தியா? அங்க மட்டும் ஆள் ஒசரம் நிக்குது."

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த கரண்டி நின்றது. "அங்க நான் வெதைக்கவே இல்லியே."

"நீ வுட்டுட்ட. கூடையில மீதி இருந்துது, ரெண்டு புடி நான் வீசினேன்."

மறுநாள் அவன் கள்ளக்குறிச்சிக்குப் போன பிறகு உச்சிவெயிலில் அவள் தனியாகப் போய்ப் பார்த்தாள். இடுப்பளவுச் செடிகளை விலக்கிக்கொண்டு நடந்தவளுக்குத் தூரத்திலேயே தெரிந்தது. மற்றதெல்லாம் வெளிறி நிற்க, அந்த ஓரிடத்தில் மட்டும் கரும்பச்சையாக, அவள் தலைக்கு மேலே ஒரு கை உயரத்துக்கு வளர்ந்திருந்தது. நீளம் மூன்றடி இருக்கும், அகலம் இரண்டடி. ஓரங்கள் அளந்து கட்டியது போல இருந்தன. ஒரு தொட்டில் வைக்கிற இடம்.

அவள் ஒரு செடியைப் பிடித்து இழுத்தாள். வேர் சுலபமாக வந்தது, வந்துகொண்டே இருந்தது. மற்ற இடத்துச் செடிகளைப் பிடுங்கினால் ஒரு விரல்கடை ஆழத்தில் வேர் மடங்கிப் பக்கவாட்டில் ஓடியிருக்கும். இது ஆணி மாதிரி நேராக இறங்கியிருந்தது. வேரெங்கும் கடுகும் மிளகுமாக முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கிள்ளினாள். உள்ளே சிவப்பாக இருந்தது. நல்ல முடிச்சு என்றால் உள்ளே சிவந்திருக்கும் என்று இசைவாணி சொல்லியிருந்தார். தெரிந்திருந்தும் அவள் விரலைப் புடவையில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

காற்றே இல்லை. செடியெல்லாம் வெயிலில் அசையாமல் நின்றன. அப்போதுதான் இடது தோளில் கனம் ஏறியது.

கை வைத்தது போல இல்லை. தூங்குகிற ஒரு பிள்ளையைத் தோளில் போட்டால் எப்படித் தொய்ந்து இறங்குமோ அப்படி ஒரு கனம். கழுத்தோரம் ஈரமாக, சூடாக, மூச்சு மாதிரி ஏதோ பட்டது. குரல் ஏதாவது கேட்டிருந்தால் அவள் கத்திக்கொண்டு ஓடியிருப்பாள். எதுவும் கேட்கவில்லை. கனம் மட்டும் இருந்தது. அவளுடைய இடது கை தானாக உயர்ந்து இல்லாத முதுகைத் தாங்கிக்கொண்டது.

அன்றிலிருந்து அது அவளோடு வீட்டுக்கும் வந்தது. ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது வரும். அடுப்பை ஊதக் குனியும்போது வரும். பொழுது சாய்ந்ததும் தக்கைப்பூண்டு இலை மூடிக்கொள்ளும். நிலம் முழுக்கக் கண்ணயர்ந்தது போல இருக்கும். சாலையில் நின்று அவள் தினமும் பார்ப்பாள். எல்லாச் செடியும் மூடிய பிறகும் கன்னிமூலையில் இருப்பவை மட்டும் விழித்திருப்பதாகத் தோன்றும். உயரத்தில் இருப்பதால் கடைசி வெளிச்சம் அங்கே படுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். சொல்லிவிட்டுத் திரும்பாமல் வீட்டுக்கு நடப்பாள்.

நாற்பதாம் நாள் காலை முருகவேல் கடப்பாரையும் மம்பட்டியும் எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

"எங்கங்க?"

"அந்த மூலையிலதான். நேத்து கடப்பாரைய வெச்சேன், வெண்ணெயில எறங்கற மாதிரி எறங்குது. காளவாய்க்காரன் குப்பக்குழி ஏதாச்சும் வெட்டியிருப்பான். நல்ல மண்ணு அடியில இருக்குது. தோண்டி அள்ளி நாலு பக்கம் போட்டா போதும்."

அவள் பின்னாலேயே போனாள். அவன் செடியை விலக்கிக் கடப்பாரையை ஓங்கியபோது முன்னால் போய் அந்த மூன்றடியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"தோண்டாதீங்க. அங்க புள்ள இருக்குது."

முருகவேலுக்குப் புரியவில்லை. அவள் சொல்லச் சொல்லக் கடப்பாரையை மெல்லக் கீழே வைத்தான்.

பதினேழு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. சந்திரலேகாவுக்கு அப்போது பத்தொன்பது வயது, கல்யாணமாகி ஏழாவது மாதம். முருகவேல் பெங்களூரில் இருந்தான். அவள் மாமனார், மாமியாரோடு காளவாயில் கல் சுமந்தாள். அந்தச் சித்திரையில் கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கமிருந்து செங்கல் அறுக்க வந்தவர்களில் ஆண்டி, பொன்னாயி என்று ஒரு புருஷன் பெண்சாதி. அவர்களுக்குப் பதினோரு மாதத்தில் ஒரு பெண் குழந்தை. மகேஸ்வரி என்று பேர். எல்லாருக்கும் மகேசு. பொன்னாயி புங்கமரத்தடியில் துணி விரித்துப் பிள்ளையைத் தூங்கப் போட்டுவிட்டு மண் மிதிக்கப் போவாள்.

அன்றைக்கு உச்சிப்பொழுதில் நிழல் நகர்ந்துவிட்டது. கல்லை இறக்கிவிட்டுத் திரும்பிய சந்திரலேகா பார்த்தபோது பிள்ளையின் முகத்தில் வெயில் சுள்ளென்று விழுந்திருந்தது. கன்னம் சிவந்து, மயிர் நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. அவள் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தாள். காலையிலிருந்து நின்றிருந்த லாரியின் அடியில்தான் குளுமையாக நிழல் இருந்தது. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு கோணியை மடித்து விரித்து அதில் போட்டாள். பொன்னாயியிடம் சொல்லிவிடலாம் என்று திரும்புவதற்குள் மாமியார் தண்ணீர் கேட்டுக் குரல் கொடுத்தாள். குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

டிரைவர் சாப்பிட்டுவிட்டு வந்து வண்டியை எடுத்தது அப்போதுதான்.

பிள்ளை தவழ்ந்து போயிருக்கும் என்று முதலில் சொன்னார்கள். பிறகு யாரோ கோணியைப் பார்த்தார்கள். மடித்து விரித்த கோணி. எல்லாருடைய கண்ணும் பொன்னாயி பக்கம் திரும்பியது. "நான் புங்கமரத்துக்கடியிலதான் போட்டேன்" என்று அவள் கத்தினாள். "வெயிலுக்கு நீயே மாத்திப் போட்டிருப்ப, வேலை மும்முரத்துல மறந்திருப்ப" என்றார்கள். ஆண்டி மனைவியையே பார்த்துக்கொண்டு நின்றார். குடத்தை இடுப்பில் வைத்தபடி சந்திரலேகாவும் கூட்டத்தில் நின்றாள். வாய் திறக்கவில்லை. பொழுது இறங்குவதற்குள் பொன்னாயியே "போட்டேனோ, நான்தான் போட்டேனோ" என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள். காளவாய்க்காரர் போலீஸ் வேண்டாம் என்று பேசி முடித்தார். ஆண்டியும் மாமனாரும் கன்னிமூலையில் குழி வெட்டினார்கள். நாய் பறிக்காமலிருக்க மேலே உடைந்த கல்லைக் கொட்டினார்கள். விடிந்ததும் ஆண்டியையும் பொன்னாயியையும் டிராக்டரில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

தக்கைப்பூண்டுக்குள் ஏதோ குருவி கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

"எங்கப்பாவுக்குத் தெரியுமா?" என்றான் முருகவேல்.

"பொதைச்சது தெரியும். நான் தூக்கி வெச்சது யாருக்கும் தெரியாது."

"வேணும்னா செஞ்ச? வெயில்னு தூக்கி வெச்ச."

"அத அவங்ககிட்ட சொல்லலியே."

"பதினேழு வருஷம் ஆயிப்போச்சு. அவங்க எங்க இருக்காங்களோ. இந்த எடத்த வுட்டுட்டு மீதிய உழுதுடலாம். பூ வந்துடுச்சு, வியாழக்கிழம டிராக்டர் சொல்லியிருக்கேன்."

அவள் எழுந்தாள். மண் அவள் புடவையில் ஈரமாக ஒட்டியிருந்தது. அந்த நிலத்தில் வேறெங்கும் அப்படி ஒட்டாது.

"வியாழக்கிழமைக்குள்ள நான் வெள்ளிமலைக்கு போய்ட்டு வந்துடறேன்" என்றாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் ஏறினாள். கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதை தொடங்கியதும் பக்கத்தில் இருந்தவள் சன்னலோரம் நகர்ந்துகொண்டு, "புள்ளைய வெச்சினு செரமப்படாத, இப்பிடி உக்காரு" என்றாள். சொல்லிவிட்டுச் சந்திரலேகாவின் வெறும் மடியைப் பார்த்தாள். பிறகு வெளியே பார்த்துக்கொண்டாள். வெள்ளிமலை வரும்வரை திரும்பவில்லை.

பஸ் நிற்கிற இடத்துக் கடையில் விசாரித்தபோது, காளவாய்க்குப் போய்ப் பிள்ளையைத் தொலைத்துவிட்டு வந்த ஆண்டி வீடா என்று கேட்டு வழி சொன்னார்கள். ஜீப்பில் நாலு கிலோமீட்டர். அப்புறம் ஒற்றையடிப் பாதை.

பொன்னாயி சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். மயிர் பாதி நரைத்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தும் அடையாளம் தெரியவில்லை.

"ஆரு?"

"நான் சந்திரலேகாங்க்கா. வடக்கனந்தல் காளவாய். நெலத்துக்காரரு மருமவ."

பொன்னாயி களைக்கொத்தைக் கீழே வைக்கவில்லை. "அது இன்னும் ஓடுதா?"

"மூடிட்டாங்கக்கா."

"எம் புள்ள இருக்கற எடம்?"

"இருக்குதுக்கா."

வரும் வழியெல்லாம் எப்படித் தொடங்குவது, எப்படி முடிப்பது என்று அவள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள். எல்லாம் போய் ஒற்றை வாக்கியம்தான் நின்றது.

"அன்னிக்கு மகேச தூக்கி லாரிக்கடியில வெச்சது நான்தாங்க்கா."

பொன்னாயி காலடியில் இருந்த ஒரு களையைப் பிடுங்கி எறிந்தாள். அப்புறம், "இன்னொரு தடவ சொல்லு" என்றாள்.

சந்திரலேகா சொன்னாள்.

"எங்க இருந்து தூக்குன?"

"புங்கமரத்துக்கடியில இருந்து. மூஞ்சில வெயிலு வுழுந்துது."

"அப்ப நான் அங்கதான் போட்டேன்."

"அங்கதாங்க்கா போட்டீங்க."

பொன்னாயி சாமைப் பயிரின் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டாள். கையால் மண்ணைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது புள்ள" என்றாள். "கோணிய எடுத்தது, ரெண்டா மடிச்சது, டயரு பக்கத்துல விரிச்சது. அவ காலு கோணிக்கு வெளிய நீட்டிகினு இருந்துது, அத உள்ள தள்ளி வெச்சது. எல்லாம் ஞாபகம் இருக்குது. கண்ண மூடினா தெனம் அதத்தான் பாக்கறேன். செய்யாத ஒண்ணு எப்பிடி ஞாபகம் இருக்கும்?"

பிள்ளையின் காலைச் சந்திரலேகா உள்ளே தள்ளி வைத்தது உண்மை. அதை அவள் யாரிடமும், நேற்று முருகவேலிடம்கூட, சொல்லவில்லை.

"தூக்குனப்ப அழுதாளா?"

"இல்லக்கா. தூங்கினு இருந்தா. எங்கழுத்துல மூஞ்சிய வெச்சுகினா."

"எந்தப் பக்கம்?"

சந்திரலேகா இடது தோளைத் தொட்டுக் காட்டினாள். பொன்னாயி எழுந்து கிட்டே வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்துச் சந்திரலேகா நகராமல் நின்றாள். பொன்னாயி அந்தத் தோளில், கழுத்தோரம், மூக்கை வைத்து மெல்ல மூச்சிழுத்தாள். பிறகு விலகினாள்.

"அவரு முன்னாடி வந்து சொல்லு" என்றாள்.

ஆண்டி வீட்டு வாசலில் மூங்கில் பிளந்துகொண்டிருந்தார். சந்திரலேகா மூன்றாவது முறையாகச் சொன்னாள். பொன்னாயி புருஷனைப் பார்க்காமல் மூங்கில் சிம்புகளைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"இதுக்கப்புறம் ஒரு பையன் பொறந்தான். இப்ப திருப்பூர்ல இருக்கான். நடக்கற வரைக்கும் அவன எங்கையில குடுக்கல. இவரு தங்கச்சிதான் வளத்தா. பாலு குடுக்கறப்ப மட்டும் தூக்கினு வருவா, பக்கத்துலயே நிப்பா. இவரு ஒரு நாளும் என்ன ஒரு வார்த்த திட்டல. கேட்டுக்கோ. ஒரு வார்த்த."

ஆண்டியின் கையில் கொடுவாள் அப்படியே இருந்தது. அவர் அழவில்லை. எழுந்து போய்த் தொட்டியில் முகம் கழுவினார். திரும்பி வந்தபோது தண்ணீர் தாடையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அங்க இப்ப இன்னா இருக்குது?" என்று கேட்டார்.

அவள் தக்கைப்பூண்டைப் பற்றிச் சொன்னாள். அந்த மூன்றடி உயர்ந்து நிற்பதையும் சொன்னாள். வெட்டிய மண் என்பதால் வேர் இறங்கியிருக்கிறது என்று முருகவேல் சொன்னதையும் சேர்த்துக்கொண்டாள்.

"எப்ப உழுவறீங்க?"

"வியாழக்கிழமைங்கண்ணா."

"வரோம்."

வியாழக்கிழமை முதல் பஸ்ஸிலேயே இருவரும் வந்துவிட்டார்கள். முருகவேல் டிராக்டரைச் சாலையில் நிறுத்தி வைத்திருந்தான். டீ வாங்கி வந்து கொடுத்தான். ஆண்டி குடித்தார். பொன்னாயி வாங்கவில்லை. வரப்போரமாகவே நடந்து கன்னிமூலைக்குப் போய்ச் சேர்ந்தாள். அவள் அந்த உயர்ந்த செடிகளுக்குள் நுழைந்ததும் தலை மறைந்துவிட்டது. மஞ்சள் பூக்கள் மட்டும் மேலே ஆடின.

"மீதிய மொதல்ல ஓட்டுங்க" என்றார் ஆண்டி.

டிராக்டரில் மாட்டியிருந்த ரோட்டவேட்டர் இறங்கியது. இடுப்பளவுப் பச்சை சரிந்து, நறுங்கி, மண்ணுக்குள் போயிற்று. பச்சை வாசனை ஊரையே எட்டியிருக்கும். கரண்டி மண்ணைக்கூட விட்டுக்கொடுக்காத நிலம் அன்றைக்குக் கொஞ்சம் பொடியாக உதிர்ந்தது. முருகவேல் ஓடி ஓடிக் கையில் அள்ளிப் பார்த்தான். அவன் முகத்தில் சந்தோஷம் வந்தது. மூலையைப் பார்த்ததும் மறைந்தது.

டிராக்டர் மூலைக்கு வந்தபோது ஆண்டி கை காட்டி நிறுத்தினார். "எவ்ளோ ஆழம் போவும்?"

"முக்காலடி" என்றார் டிராக்டர் டிரைவர்.

"நாங்க மூணடி வெட்டுனோம். படாது" என்று பொன்னாயி பக்கம் திரும்பினார்.

"வேணாம்" என்று செடிகளுக்குள்ளிருந்து குரல் வந்தது. "வண்டி வேணாம். அவ மேல இன்னொரு வண்டி ஏற வேணாம்."

டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டார்.

பொன்னாயி ஒவ்வொரு செடியாகப் பிடுங்க ஆரம்பித்தாள். வேரோடு வந்த மண்ணை உதறி அங்கேயே விட்டாள். சந்திரலேகா வரப்பிலிருந்து இறங்கி ஒரு செடியில் கை வைத்தாள்.

"நீ வராத" என்றாள் பொன்னாயி. அதில் கோபம் இல்லை. மெழுகின தரையில் கால் வைக்க வருகிறவளிடம் சொல்வது போலத்தான் சொன்னாள். சந்திரலேகா மறுபடியும் வரப்பில் ஏறி நின்றாள்.

ஆண்டி செடிகளைக் கொடுவாளால் துண்டு துண்டாக நறுக்கிப் பரப்பினார். முருகவேலிடம் தண்ணீர் கேட்டு வாங்கி ஊற்றினார். பிறகு இருவரும் அதில் இறங்கி மிதித்தார்கள். காளவாயில் கல்லுக்கு மண் மிதிக்கிற மாதிரி, ஒரே தாளத்தில், இடம் மாறி இடம் மாறி. தழை மண்ணுக்குள் அமுங்கியது. ஒரு கட்டத்தில் பொன்னாயிக்குக் கால் வழுக்கியது. ஆண்டி அவள் கையைப் பிடித்தார். பிடித்த கையை மிதித்து முடியும்வரை விடவில்லை. மண்ணைப் பார்த்தபடியே அவர் ஏதோ சொன்னார். அவள் ஏதோ பதில் சொன்னாள். வரப்பில் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை.

போகும்போது பொன்னாயி சந்திரலேகாவிடம் எதுவும் பேசவில்லை. ஆண்டி மட்டும் போன் நம்பரை எழுதித் தரச் சொல்லிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பத்து நாள் அந்த நிலம் நாறியது. தழை அழுகுகிற நாற்றம். பதினைந்தாம் நாள் அது போய் மண் மணமே மிஞ்சியது. புரட்டாசியில் ஒரு நல்ல மழை அடித்தது. விட்டதும் முருகவேல் செருப்பில்லாமல் ஓடினான். முன்போலத் தண்ணீர் நிற்கவில்லை. எல்லாம் இல்லை, பாதிக்கு மேல் உள்ளே இறங்கியிருந்தது. அதை அவளிடம் சொல்ல அவன் வீடுவரை வந்தான். வந்தவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "மழ நல்ல மழ" என்று மட்டும் சொன்னான். அவன் அவளைக் கடிந்து ஒரு சொல் பேசியதில்லை. பேசினால் தேவலாம் என்று அவளுக்கு இருந்தது.

ஐப்பசியில் உளுந்து விதைத்தார்கள். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை போன் வந்தது.

"இன்னா போட்டீங்க?" என்றார் ஆண்டி.

"உளுந்துங்கண்ணா."

"மொளச்சிடுச்சா?"

"மொளச்சிடுச்சு."

"அந்த எடத்துல?"

அவள் பார்க்கவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் வருவதற்கு முன்பே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அப்புறம் ஒவ்வொரு வாரமும் அப்படியே ஆயிற்று. இரண்டு இலை, நாலு இலை, கொடி ஓடுகிறது, பூ வைத்திருக்கிறது. அவர் கேட்பார், அவள் சொல்வாள். வேறு பேச்சு கிடையாது. பின்னால் பொன்னாயி மூச்சு விடுவது சில சமயம் கேட்கும்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்னாயியே பேசினாள்.

"காய் புடிச்சிருக்குதா?"

"புடிச்சிருக்குதுக்கா."

"அந்த எடத்துல எப்பிடி இருக்குது?"

"அங்கயும் மத்த எடம் மாதிரிதாங்க்கா. எது எதுன்னு வித்தியாசம் தெரியல."

மலைக்காற்று மட்டும் போனுக்குள் இரைந்தது.

"தெரியலன்னு சொல்லாத" என்றாள் பொன்னாயி. "போய் நல்லா பாரு. சொல்ற வரைக்கும் நான் போன வெக்கல."

சந்திரலேகா போனைக் காதில் வைத்தபடியே, அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு, நிலத்தைப் பார்த்து நடந்தாள்.